குணலட்சுமியின் தலையணை உறை

எங்கள் பக்கத்து வீட்டு இராசமலரக்கா வெளிநாடு போனதில்லை. கொழும்புக்குக்கூட ஒரு முறைதான் போயிருக்கிறார். ஆனால் அவர் தைத்த தலையணை உறைகளும் மேசைவிரிப்புகளும் டென்மார்க்கில், நோர்வேயில், சுவிசில், கனடாவில் இருக்கின்றன. அவற்றை அங்கே விரித்து வைத்திருக்கும் பெண்கள் யாரும் இராசமலரக்காவின் பெயரைச் சொல்வதில்லை. தாங்களே தைத்ததாகச் சொல்லித்தான் கொண்டு போனார்கள். இதில் களவு இல்லை, அவர் சம்மதித்துத்தான் கொடுத்தார். அது எப்படி நடந்தது, அதனால் அவருக்கு என்ன வந்தது என்பதை விளங்கும்படி எழுத நினைக்கிறேன். எங்கள் ஒழுங்கையில், அந்தச் சின்னத் தெருவில், இதைப் பற்றி ஆளுக்கு ஒரு கதை உலாவுகிறது. நான் எழுதுவது எங்கள் கண் முன்னால் நடந்தது.

எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு எங்கள் ஊர் இணுவிலில் கலியாணங்கள் வேறு மாதிரி ஆகிவிட்டன. மாப்பிள்ளை ஊரில் இருப்பதில்லை. பெண்ணைப் பார்க்க அவனால் வரவும் முடியாது. சாதகமும் படமும் போகும். பொருந்தினால் பெண் எப்படியாவது கொழும்பு போய் விமானம் ஏறுவாள். படத்தில் எல்லாப் பெண்களும் அடக்கமாகத்தான் இருப்பார்கள். ஆகவே மாப்பிள்ளையின் தாயோ சகோதரியோ பெண்ணின் குணத்தை அறிய வேறு வழி தேடினார்கள். சில குடும்பங்கள் கைவேலை கேட்டன. பெண் தன் கையால் தைத்த தலையணை உறைகள், ஒரு மேசைவிரிப்பு, மாப்பிள்ளைக்கு ஒரு லேஞ்சி, அதாவது கைக்குட்டை. துணியைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்ப்பார்கள். அங்கே முடிச்சும் சிக்கும் இல்லையென்றால் பெண் பொறுமைசாலி, குடும்பம் நடத்துவாள் என்று முடிவு செய்வார்கள். பெண் புறப்படும்போது அவற்றைச் சூட்கேசில் எடுத்துப் போவாள். ஒன்றை மட்டும் நினைவுக்கென்று மாமியாரிடம் விட்டுப் போவாள். மருமகளுடன் ஒரு நாளும் ஒரே வீட்டில் இருந்திராத மாமியாருக்கு அந்தத் துணிதான் மருமகள்.

பெண்களுக்கோ தைக்கத் தெரியாது. பள்ளிக்கூடம் பாதி நாள் பூட்டு, மீதி நாள் ரியூசன். ஹெலி வந்தால் பதுங்குகுழி. அதற்குள் யார் ஊசியும் நூலும் எடுப்பார்கள்? ஆகவே அவர்களுடைய தாய்மார் பின்பக்கப் படலையைத் திறந்துகொண்டு இராசமலரக்காவிடம் வந்தார்கள்.

அவர் தையல் படித்தது யாழ்ப்பாணப் பட்டணத்தில் ஒரு கன்னியர் மடத்தில். அங்கே அயர்லாந்திலிருந்து வந்த வயதான மதர் ஒருவர் இருந்தாராம். கொக்கி ஊசியால் ரேந்தை, அதாவது லேஸ், பின்னக் காட்டிக்கொடுத்தவர் அவர்தான். அந்த மதரின் நாட்டில் பஞ்சம் வந்த காலத்தில் பெண்கள் கப்பலேறிப் போனார்களாம். போகும்போது பெட்டிக்குள் ரேந்தை வைத்துக்கொண்டு போனார்களாம். அவர்கள் பின்னிய மூவிலைப் பூவை இராசமலரக்காவும் பின்னினார். மூன்று இலையும் ஒரே நூலில், அறுக்காமல், ஒட்டுத் தெரியாமல் வரும். அவர் தைத்த ஒவ்வொரு உறையின் மூலையிலும் அது இருக்கும். எங்கள் பக்கத்தில் வேறு யாருக்கும் அது வராது.

அவருக்கு ஏன் கலியாணம் ஆகவில்லை என்று கேட்டால் எல்லோரும் இரண்டு காரணம் சொல்வார்கள். ஒன்று, எட்டில் செவ்வாய். மற்றது, அவருடைய சீதனமெல்லாம் அண்ணன் கனகலிங்கத்தின் கொழும்புக் கடைக்குள் இருந்தது. எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் கடை எரிந்தது. கனகலிங்கம் அகதிக் கப்பலில் வந்து இறங்கி, சில மாதம் வீட்டில் படுத்துக் கிடந்துவிட்டு, பெண்சாதி பிள்ளைகளோடு இந்தியாவுக்குப் போனார். பிறகு இராசமலரக்காவும் தாய் நல்லம்மா மாமியும்தான் அந்த வீட்டில்.

இனிக் குணமக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். முழுப் பெயர் குணலட்சுமி. எங்கள் ஒழுங்கைத் தொங்கலில் கடைசி வீடு. இராசமலரக்காவை விட வயதில் குறைவு என்றாலும் இருவரும் நல்ல சிநேகிதம். இந்திய ஆமி நின்ற காலத்தில், எண்பத்து ஒன்பதில், அவருக்குச் சண்டிலிப்பாயில் இருந்து டென்மார்க் மாப்பிள்ளை பேசி வந்தது. மாப்பிள்ளையின் தாய் பத்மாவதி கைவேலை கேட்டுவிட்டார். குணமக்கா ஓடி வந்தார்.

"அக்கா, நான் பொத்தான் தைச்சாலே விரலும் சட்டையும்தான் சேருது. என்ன செய்யிறது?"

"இரு, பழக்கி விடுறன்."

"நான் பழகி முடிக்க அந்தாளுக்குத் தலை நரைச்சிடும். நீங்களே தைச்சுத் தாங்கோவன். என்ரை அக்காவெல்லே."

இராசமலரக்கா தைத்தார். இளம் பச்சையில் ஒரு சோடிக் கிளி. சுற்றிவர வெள்ளை ரேந்தை, மூலைக்கு மூலை மூவிலை. தைத்து முடிந்ததும் குணமக்கா அதை முகத்தில் வைத்துப் பார்த்து அழுதார். பிறகு இருவரும் கந்தசுவாமி கோயிலுக்குப் போனார்கள்.

"அக்கா, ஒருத்தருக்கும் சொல்லமாட்டன் எண்டு சத்தியம் பண்ணுங்கோ. அந்த மனுசி அறிஞ்சா என்னைத் துலைச்சுப் போடும்."

"கந்தசாமியாணை சொல்லன். போடி விசரி."

குணமக்கா போனார். உறைகளில் ஒன்று சண்டிலிப்பாயில் பத்மாவதியின் அலுமாரிக்குள் போனது. பத்மாவதி வீட்டுக்கு வருகிற போகிற எல்லோருக்கும் அதை எடுத்துக் காட்டுவாராம். மற்றவர்களின் மருமகள்மாரைப் பற்றிக் குறை சொல்ல அவருக்கு அது ஒரு வசதியும் கூட.

தொண்ணூறில் மறுபடி சண்டை தொடங்கியது. மின்சாரம் போனது. பொருளாதாரத் தடை வந்தது. மண்ணெண்ணெய், சவர்க்காரம், பற்றரி எதுவும் இல்லை. வண்ண நூலும் இல்லை. இராசமலரக்கா பழைய சேலைக் கரைகளை உருவி நூல் எடுத்து மற்றவர்களின் மகள்மாருக்குத் தைத்தார். அவருக்கு முப்பத்தைந்து ஆகிக்கொண்டிருந்தது.

தொண்ணூற்று மூன்று பிறக்க முன்பு, ஒரு மழை நாளில், கலியாணத் தரகர் இளையதம்பி சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். நல்லம்மா மாமி உடனே என் அம்மாவைக் கூப்பிட்டனுப்பினார். முக்கியமான எந்தக் கதைக்கும் அவருக்கு என் அம்மா பாலேஸ்வரி பக்கத்தில் இருக்க வேண்டும்.

"பொடியன் டென்மார்க்கிலை. தங்கமான பொடியன். தியாகலிங்கம் எண்டு பேர்," என்றார் இளையதம்பி.

"வயது?" என்று அம்மா கேட்டார்.

"நாப்பத்தொண்டு."

"நாப்பத்தொண்டிலை என்ன பொடியன்?"

"கலியாணம் முடிக்குமட்டும் பொடியன்தான் தங்கச்சி. சகோதரங்களைக் கரைசேர்த்து, மருமக்களைக் கூப்பிட்டு, தன்னை மறந்து போட்டுது அந்தப் பிள்ளை. அதோடை அதுக்கும் எட்டிலை செவ்வாய். இதுக்கும் எட்டிலை செவ்வாய். சாத்திரி பாத்திட்டுச் சிரிச்சுப் போட்டார், அவ்வளவு பொருத்தம்."

தியாகலிங்கம் பத்மாவதியின் தம்பி. இருப்பது பத்மாவதியின் மகனும் குணமக்காவும் இருக்கும் அதே ஊரில், அடுத்த தெருவில். அதுவரை கதவுக்குப் பின்னால் நின்ற இராசமலரக்கா வெளியே வந்தார்.

"குணம் இருக்கிற ஊரோ, அண்ணை?"

"ஓம் பிள்ளை. நீ அடுப்பிலை கறியை வைச்சிட்டு ஓடிப்போய்க் கதைச்சிட்டு வரலாம்."

அன்று இராசமலரக்காவின் முகத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அவர் சம்மதித்துவிட்டார். மாப்பிள்ளையின் படத்தை அவர் பிறகுதான் பார்த்தார். அடுத்த நாட்களில் எங்கள் கிணற்றடிக்கு வந்து, குளிருக்கு என்ன உடுப்பு, அங்கே நல்லெண்ணெய் கிடைக்குமா என்று அம்மாவிடம் கேட்டுக்கொண்டே நிற்பார். அம்மாவுக்கு என்ன தெரியும்? ஆனாலும் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார்.

பத்மாவதி ஒரு வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வந்தார். உயரமான மனுசி. கதிரையில் இருந்தபடியே வீட்டை ஒரு முறை சுற்றிப் பார்த்தார்.

"சாதகம் திறம். அதிலை எனக்கு ஒரு கதையுமில்லை. நீ தைச்சதுகளை எடு பிள்ளை, பாப்பம்."

இராசமலரக்கா தாயைப் பார்த்தார். வீட்டில் அவர் தைத்தது ஒன்றுகூட இல்லை. எல்லாம் விமானம் ஏறிவிட்டன.

"எல்லாத்தையும் ஆக்களுக்குக் குடுத்திட்டாள்," என்றார் நல்லம்மா மாமி.

"ஆருக்கு?"

"கேட்ட ஆக்களுக்கு."

"கேட்டவைக்கெல்லாம் குடுக்க நீங்கள் என்ன, அன்னதான மடமோ நடத்துறியள்?" பத்மாவதி சிரித்தார். பிறகு பையைத் திறந்து பழைய பேப்பரில் சுற்றிய ஒன்றை எடுத்து மடியில் விரித்தார். பச்சைக் கிளி உறை. ஒரு மூலையில் ரேந்தை அறுந்து தொங்கியது. மூவிலை இருந்த இடம் ஓட்டை.

"அலுமாரிக்குள்ளை வைச்சும் எலி கடிச்சுப் போட்டுது, நாசமாய்ப் போவது. இது என்ரை மருமேள் குணத்தின்ரை கைவேலை. பின்பக்கத்தைப் பார், முன்பக்கம் மாதிரி இருக்கு. உதைச் சரிபண்ணி வை. தைப்பூசத்துக்குக் கோயிலுக்கு வரேக்கை எடுக்கிறன். உன்ரை கையும் அப்ப தெரிஞ்சிடும்."

இராசமலரக்கா இரண்டு கையாலும் அதை வாங்கினார். 

பத்மாவதியின் சைக்கிள் ஒழுங்கை திரும்பியதும் அம்மாதான் முதலில் வாயைத் திறந்தார்.

"உன்ரை வேலையை உன்னட்டையே தந்திட்டுப் போகுது மனுசி. இனியென்ன, வடிவாத் தைச்சுக் குடு. அசந்து போகட்டும்."

"அசந்து போகாது பாலேசக்கா, பிடிச்சுப்போடும். இந்த மூலையை இதே மாதிரிப் போட்டா, மற்ற மூலையளையும் ஆர் போட்டது எண்டு விளங்காதோ? பிறகு குணத்தின்ரை பாடு?"

"குணத்தின்ரை பாட்டைக் குணம் பாக்கட்டும். உன்ரை பாடு என்ன?"

"சத்தியம் பண்ணினனான்."

"அப்ப பழுதாத் தைச்சுக் குடுக்கப் போறியோ? கைவேலை தெரியாதவள் எண்டு விட்டிட்டுப் போவினம். அது வேணுமோ உனக்கு?"

இராசமலரக்கா உறையை மடித்துக்கொண்டே சொன்னார்: "முழுப் பழுதா இல்லை. கொஞ்சம் குறைவா. சாதகம் திறம் எண்டு அந்த மனுசியே சொல்லிப்போட்டுது. தையல் கொஞ்சம் வடிவில்லை எண்டதுக்காக விடமாட்டினம். அதோடை குணத்தைக் கேக்காமல் ஒண்டும் செய்யமாட்டினம். குணம் என்னைப் பற்றிச் சொல்லுவாள்."

அவருடைய கணக்கு இதுதான். பிழையான கணக்கு என்று அப்போது எங்களுக்கும் தோன்றவில்லை.

பழைய வேட்டி ஒன்றில் நூல் உருவி அவர் பின்னத் தொடங்கினார். குறைவாகப் பின்னுவது அவருக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது. மனம் வேறு எங்கோ இருந்தாலும் கை தானாகச் சரியாகப் பின்னிவிடும். பார்த்துவிட்டுப் பிரிப்பார். மறுபடி பின்னுவார், மறுபடி சரியாக வந்திருக்கும். கடைசியில் கொக்கி ஊசியை இடது கையில் பிடித்துப் பின்னினார். மூன்று இலையையும் தனித்தனியாகச் செய்து, பிறகு ஊசியால் ஒட்டினார். ஒட்டுகள் தடித்துத் தெரிந்தன. ஓர் இலை மற்ற இரண்டையும் விடப் பெரிது. நல்லம்மா மாமி அதைப் பார்த்துவிட்டு, "பள்ளிக்கூடப் பிள்ளை பின்னினது மாதிரிக் கிடக்கு," என்றார். "அது காணும்," என்றார் இராசமலரக்கா.

தைப்பூசத்தன்று பகல் பத்மாவதி வந்தார். கோயிலில் இருந்து நேராக, நெற்றியில் வீபூதியோடு. கூட இளையதம்பியும் வந்தார். இளையதம்பியின் கையில் ஒரு ஒலிநாடாக் கசற் இருந்தது. கொழும்பில் இருந்து கிளாலிக் கடலைப் படகில் கடந்து வந்த யாரோ கொண்டுவந்து கொடுத்தது. அந்த நாட்களில் வெளிநாட்டுப் பிள்ளைகள் கசற்றில் பேசித்தான் அனுப்புவார்கள். பத்மாவதியின் வீட்டில் றேப் றெக்கோடரைப் போடப் பற்றரி இல்லை. எங்கள் வீட்டில் என் தகப்பனார் சைக்கிள் டைனமோவில் வயர் கொழுவி றேப்பைப் பாட வைத்திருந்தார்.

"தம்பிக்குப் பொருத்தமோ எண்டு குணத்திட்டைக் கேட்டு அனுப்பினனான். அவளும் இவளும் ஒரு ஒழுங்கையெல்லே. பதில் வந்திருக்கு. நான் இன்னும் கேக்கேல்லை. நல்ல செய்தியை எல்லாருமாய் இருந்து கேப்பம், என்ன?"

பத்மாவதி நல்ல மனதோடுதான் அப்படிச் சொன்னார். கசற்றைக் கேட்க முன்பு உறையை வாங்கிப் பார்த்தார். மூலையை விரலால் தடவினார். திருப்பினார்.

"ம். பரவாயில்லை. எங்கடை குணத்தின்ரை கை வராதுதான். எண்டாலும் பொறுமையா இருந்து செய்திருக்கிறாய். மிச்சத்தை அங்கை போய் அவளிட்டைப் பழகு."

"ஓம் மாமி," என்றார் இராசமலரக்கா. அவர் சிரித்தார். கணக்குச் சரிவந்துவிட்டது என்று எங்களுக்கும் மூச்சு வந்தது.

எங்கள் றேப்பையும் சைக்கிளையும் நல்லம்மா மாமி வீட்டு முற்றத்துக்குக் கொண்டுபோனோம். சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தோம். பெடலைக் கையால் சுற்ற இளையதம்பி குந்தினார். கலியாணம் ஒப்பேற வேண்டியது அவருக்கும் தேவையாயிருந்தது.

முதலில் ஒரு இரைச்சல். பிறகு குணமக்காவின் குரல். நாலு வருடத்துக்குப் பிறகு அந்தக் குரல். இராசமலரக்கா வாயில் கை வைத்துக்கொண்டார்.

"மாமி, சுகமா இருக்கிறியளே? நாங்கள் இஞ்சை நல்ல சுகம். சினோப் பனி முழங்காலளவுக்குக் கொட்டிக் கிடக்கு..."

இளையதம்பியின் கை சற்றுக் களைத்தது. குணமக்காவின் குரல் தடித்து, ஆண் குரலாகிக் கிணற்றுக்குள் இறங்கியது.

"என்ரை மருமேளை ஏன் ஆம்பிளையாக்கிறியள்? கெதியாச் சுத்துங்கோ!" என்றார் பத்மாவதி. எல்லோரும் சிரித்தோம். இளையதம்பி வேகமாகச் சுற்ற, குணமக்கா இப்போது அணில் மாதிரிக் கீச்சிட்டார். அதற்கும் சிரித்தோம்.

குரல் ஒரு நிலைக்கு வந்தது. தான் பிள்ளைத்தாச்சி என்றார். பத்மாவதி இரண்டு கையையும் கூப்பி மேலே பார்த்தார். பிறகு குணமக்கா தொடர்ந்தார்: "இஞ்சை எல்லாற்றை வீட்டிலையும் என்ரை தையலைப் பற்றித்தான் கதை மாமி. பழக்கிவிடச் சொல்லி வருகினம். நேரமில்லை எண்டு சொல்லிப்போட்டன். கோயிலுக்குத் திரைச்சீலை ஒண்டும் கேக்கினம்."

"பாத்தியளே!" என்றார் பத்மாவதி எங்களைப் பார்த்து.

"பிறகு மாமி, இராசமலரக்காவைப் பற்றிக் கேட்டிருந்தியள்." குரல் நின்றது. கொஞ்ச நேரம் நாடாவின் இரைச்சல் மட்டும். "அவ நல்ல மனுசி. நான் பிழை சொல்லேல்லை. ஆனா இந்த ஊர் அவவுக்குச் சரிவராது. வயதும் போட்டுது. சின்னனிலை இருந்தே அவவுக்கு மூச்சு இழுக்கிற வருத்தம் இருக்கு, ஒருத்தருக்கும் சொல்லுறேல்லை. இந்தக் குளிருக்கு என்னெண்டு தாங்கும்? தியாகலிங்கம் சித்தப்பா பாவம், இவ்வளவு காலம் கஷ்டப்பட்டவர். வேறை இடம் பாருங்கோ மாமி. நான் சொன்னதெண்டு அங்கை சொல்லாதேங்கோ."

இளையதம்பி சுற்றுவதை விட்டுவிட்டார். 'சொல்லாதேங்கோ' என்ற சொல் நீண்டு தடித்து நின்றுபோனது.

இராசமலரக்காவுக்கு இழுப்பு நோய் இல்லை. ஒரு நாளும் இருந்ததில்லை. பத்மாவதி அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏன் பிள்ளை, வருத்தத்தை மறைச்சனீங்கள்?"

"அவளுக்கு ஒரு வருத்தமும் இல்லை!" அம்மா எழும்பிவிட்டார். "பொய். அந்தப் பெட்டை பயத்திலை பொய் சொல்லுறாள். இவள் அங்கை போனா தன்ரை புளுகு வெளிச்சிடும் எண்டு பயம். உங்கடை மடியிலை கிடக்கே, அந்த உறை, அதைத் தைச்சது ஆர் எண்டு நினைக்கிறியள்? குணத்துக்கு ஊசியிலை நூல் கோக்கத் தெரியுமோ எண்டு கேளுங்கோ!"

"பாலேசக்கா!" என்றார் இராசமலரக்கா.

"நீ சும்மா இரு. நீ சும்மா இருந்துதான் இவ்வளவும்."

பத்மாவதி உறையை விரித்து, இராசமலரக்கா ஒட்டுப் போட்ட மூலையை அம்மாவின் முகத்துக்கு நேரே பிடித்தார். "இதைத் தைச்ச கை இது. இந்தக் கையோ அந்தக் கிளியைத் தைச்சது? ஆருக்கு விசர்க் கதை சொல்லுறியள்? இந்த இலையைப் பாருங்கோ. ஆட்டுக்காது மாதிரிக் கிடக்கு."

 ஆட்டுக்காது மாதிரித்தான் கிடந்தது. இராசமலரக்கா குணமக்காவைக் காப்பாற்றச் செய்த மூலை அது.

"நீ சொல்லு பிள்ளை," என்றார் பத்மாவதி, இப்போது குரலைத் தணித்து. "நீதான் தைச்சனியோ?"

 இராசமலரக்கா இல்லையென்று சொல்லிவிடுவார் என்றே நான் நினைத்தேன். ஆனால் கசற்றில் குணமக்காவின் குரலைக் கேட்ட பிறகு அவருக்குள் ஏதோ விட்டுப்போயிருக்க வேண்டும்.

"ஓம் மாமி. நான்தான் தைச்சனான். இதை வேணுமெண்டுதான் பழுதாப் பின்னினனான். தாங்கோ, இப்பவே பிரிச்சு உங்களுக்கு முன்னாலை பின்னிக் காட்டுறன்."

அவர் கையை நீட்டினார். பத்மாவதி உறையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். அந்த நேரத்தில் அவருக்கு உண்மை விளங்கிவிட்டது என்றுதான் நான் இன்றைக்கும் நினைக்கிறேன். அவர் பார்வை கிளியில் இருந்து மூலைக்கும், மூலையில் இருந்து இராசமலரக்காவின் கைக்கும் போய் வந்தது.

"நீ காட்டினா?" என்றார். "காட்டினாப் பிறகு நான் என்ன செய்யிறது? என்ரை மருமேள் பொய்க்காரி எண்டு ஊரைக் கூட்டிச் சொல்லவோ? என்ரை பேரப்பிள்ளை அவளின்ரை வயித்திலை கிடக்கு."

"மாமி..."

"கையை எடு. தைக்கத் தெரியாதெண்டா நீ பொய்க்காரி. தெரியுமெண்டா அதைவிடப் பெரிய பொய்க்காரி. இரண்டு தரம் என்னை ஏமாத்தியிருக்கிறாய். எப்பிடிப் பாத்தாலும் எங்கடை வீட்டுக்கு நீ சரிவராய்."

பழைய பேப்பரில் உறையைச் சுற்றிப் பையில் வைத்தார். கசற்றையும் எடுக்கச் சொன்னார். படலையடியில் நின்று ஒரு முறை திரும்பிப் பார்த்தார்.  இளையதம்பி எங்களிடம் கூடச் சொல்லிக்கொள்ளாமல் பின்னால் போனார்.

நல்லம்மா மாமி அழுதார். அம்மா தன் தலையில் அடித்துக்கொண்டார், தான் வாயைத் திறந்திருக்கக் கூடாது என்று. இராசமலரக்கா அழவில்லை. "சத்தியத்தை முறிச்சும் ஒண்டும் வரேல்லை," என்று மட்டும் சொன்னார். கவிழ்த்து வைத்த சைக்கிளை அவர்தான் நிமிர்த்தி எங்களுக்குத் தந்தார்.

கதை பரவியது. பத்மாவதி சொன்னாரா, இளையதம்பி சொன்னாரா தெரியாது. பின்பக்கப் படலையால் வந்த தாய்மார் வருவதை நிறுத்தினார்கள். அவர்களின் பயம் எனக்கு விளங்குகிறது. ஒரு முறை வாயைத் திறந்தவர் மறுமுறையும் திறப்பார் என்று நினைத்தார்கள். அவர்களின் மகள்மாரும் எங்கோ ஒரு நாட்டில் அந்த ரேந்தையை விரித்து வைத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். தையலுக்குக் கூலியாக அரிசி, தேங்காய், ஒரு சேலை என்று வந்துகொண்டிருந்ததும் நின்றது. சில பேர் வழியில் கண்டால் சைக்கிளை மற்றப் பக்கம் திருப்பினார்கள்.

குணமக்காவை நான் கெட்டவர் என்று எழுதவில்லை. அங்கே தனியாக, அந்தக் குளிருக்குள், தன்னிடம் இல்லாத ஒரு திறமைக்காக எல்லோரும் மதிக்கும் வீட்டில் அவர் இருக்கிறார். பயந்திருப்பார். அந்தப் பயத்துக்கு விலையாக இராசமலரக்காவைக் கொடுத்துவிட்டார். அவருக்குப் பொடியன் பிறந்ததாகக் கேள்விப்பட்டோம். இராசமலரக்காவுக்கு அவரிடம் இருந்து ஒன்றும் வரவில்லை.

அடுத்த வருடம் ஆவணி போல இளையதம்பி மறுபடி வந்தார். நாங்கள் எல்லோரும் அதிசயப்பட்டோம். முற்றத்தில் நின்றபடியே தலையைச் சொறிந்தார்.

"கோவிக்காதை பிள்ளை. அந்தத் தியாகலிங்கத்துக்கு ஒரு இடம் சரிவந்திருக்கு. கோப்பாய்ப் பக்கம். பெட்டைக்குத் தைக்கத் தெரியாது. பத்மாவதி கைவேலை கேட்டு நிக்கிறா. நீ ஒரு சோடி உறையும் ஒரு லேஞ்சியும் தைச்சுத் தந்தா... ஆருக்கும் தெரியவராது. பெட்டையின்ரை பகுதி அரிசி மூட்டையோடை வருவினம்."

அம்மா வேலிக்கு இந்தப் பக்கம் நின்று விளக்குமாற்றை எடுத்தார். இராசமலரக்கா கோபப்படவில்லை.

"எனக்குத் தைக்கத் தெரியாது அண்ணை," என்றார்.

"பகிடி விடாதை பிள்ளை."

"பகிடியில்லை. பத்மாவதி மாமியிட்டைக் கேளுங்கோ. அவ பாத்தவ."

 இளையதம்பி சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனார். யாரோ வேறு ஒருவரிடம் தைப்பித்திருக்க வேண்டும், கலியாணம் ஒப்பேறியது. பெண் கிளாலியால் போய் விமானம் ஏறிவிட்டார்.

அன்று பின்னேரம் நல்லம்மா மாமி மகளோடு சண்டை பிடித்தார். எங்கள் வீட்டுக்கும் கேட்டது.

"ஏன் பிள்ளை மாட்டன் எண்டனி? அரிசியாவது வந்திருக்கும். இன்னும் எத்தினை நாளைக்குப் பாலேஸ் வீட்டிலை கைமாத்து வாங்கிறது?"

"அரிசிக்கு வெங்காயம் கிண்டப் போறன் அம்மா. கேட்டு வைச்சிருக்கிறன்."

"நீயோ? வெய்யிலுக்குள்ளையோ?"

"ஓம். நாளைக்கு வரச் சொன்னவை."

விடிந்ததும் தலையில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு அவர் எங்கள் வேலியோரமாகத் தோட்டத்துக்குப் போனார். இப்போதும் போகிறார். முதல் வாரம் விரல்கள் வெடித்து இரத்தம் வந்தது. இப்போது வருவதில்லை, தோல் தடித்துவிட்டது. அந்த விரல்களால் இனி மெல்லிய நூலைப் பிடிக்க முடியாது என்று அம்மாவிடம் சொன்னாராம். அதைச் சொல்லும்போது கவலைப்பட்ட மாதிரித் தெரியவில்லை என்று அம்மா சொன்னார்.